எண்ணெய்க்கு முன்னும் கத்திக்கு முன்னும்

ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், 1889-ஆம் ஆண்டு, திருவனந்தபுரத்தில் ஆயுர்வேத பாடசாலை தோன்றியபோது, ஐரோப்பிய முறையில் நடந்துவந்த ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு வயது 24. இடுப்பு மூட்டு இறுகிக் காலை இழுத்துக்கொண்டு வரும் ரோகி இவ்விரண்டில் எதன் படியை மிதித்தாலும், அங்கே அவனை எதிர்கொண்ட சந்தேகம் ஒன்றுதான்: மூட்டு தேய்ந்துவிட்டதா, அல்லது அதற்குள் ஏதோ கனன்றுகொண்டிருக்கிறதா?

ஆயுர்வேதம் இதைச் சந்திவாதம், ஆமவாதம் என்று பிரித்தது. ஜ்வரமின்றி மூட்டு நெறுநெறுத்து, மடக்கி நீட்டும்போது வலித்தால் முன்னது. ஜ்வரமும் அருசியும் கூடி, தேள் கொட்டினாற்போலக் கடுத்தால் பின்னது என்பது நோயறியும் நூலான மாதவ நிதானத்தின் வழக்கு. முன்னதற்குத் தைலமும் பிழிச்சிலும் உண்டு. பின்னதற்கோ எண்ணெய் தொட்டால் ரோகம் மூளுமென்று அஞ்சி, வறுத்த மணலைத் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுப்பார்கள். செரியாமல் உடம்பில் தேங்குவதாகச் சொல்லப்படும் ஆமம் என்பதே சீழ்தான் என்று மொழிபெயர்த்துப் பெருமை கொள்வாரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால், கைவைக்குமுன் ஒரு கணம் தயங்கிய அந்த வைத்தியரிடம் வடமொழி நிதானமும் தமிழ் நிதானமும் சேர்ந்தே குடியிருந்தன.

அதே திருவனந்தபுரத்தில் 1951-இல் மெடிக்கல் காலேஜ் திறக்கப்பட்ட காலத்தில், எக்ஸ்ரே படத்தோடு, வெஸ்டர்கிரென் என்னும் மருத்துவர் 1921-இல் வகுத்த இரத்தப் பரீட்சையும் உலக வழக்கில் இருந்தது. சிட்ரேட் கலந்த இரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் 200 மில்லிமீட்டர் ஏற்றிச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், மேலே தெளிந்த மஞ்சள் நீர், கீழே இறங்கிய செவ்வணுக்கள். விரைந்து இறங்கியிருந்தால் உடம்பில் எங்கோ அழற்சி. எங்கே, எதனால் என்று குழாய் சொல்லாது.

1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி, உலோகத் தலையும் பிளாஸ்டிக் கிண்ணமும் கொண்டு இடுப்பு மூட்டையே மாற்றும் சஸ்திர சிகிச்சையை நிலைநாட்டியபின், அந்தப் பழைய சந்தேகத்தின் கனமே வேறாயிற்று. கிருமி குடியிருக்கும் குழியில் உலோகத்தை வைத்தால், பின்னர் அதையே பெயர்த்தெடுக்க நேரும். போஸ்டல், கெர்புல் என்னும் பிரெஞ்சு மருத்துவர்கள் 1970-இல் வருணித்த ஒருவகை மூட்டுவாதமோ, கிருமியே இல்லாமல் சில மாதங்களில் தொடையெலும்பின் தலையைக் கரைத்துவிடுவதால், படத்தை மட்டும் பார்ப்பவருக்குச் சீழ் பிடித்த மூட்டாகவே தோன்றும்.

ஆகவே ஊசிதான் கதி. நீண்ட ஊசியைப் படத்தின் துணையோடு மூட்டுக்குள் செலுத்தி எடுத்த நீர், வைக்கோல் நிறத்தில் தெளிந்து, முனையில் நூலாக இழுபட்டால் பெரும்பாலும் தேய்மானம். கலங்கித் தண்ணீர்போலச் சொட்டினால் கவலை. ஒரு கன மில்லிமீட்டரில் வெள்ளணுக்கள் 2,000-க்குள் அடங்கினால் ஒருவாறு ஆறுதல், 50,000-ஐத் தாண்டினால் சீழென்றே கொள்வார்கள். இரண்டுக்கும் நடுவே ஒளிந்திருப்பது நம் நாட்டில் க்ஷயம். காய்ச்சலைக்கூடக் காட்டாமல், மெல்லத் தேய்வதுபோலவே அது நடிக்கும். அதன் கிருமி ஆய்வகத்தில் வளர்ந்து தலைகாட்ட ஆறு வாரம்கூட ஆகலாம். அதுவரை கேஸ் ஷீட்டில் ஆபரேஷன் தேதிக்கு விட்ட இடம் வெறுமையாகவே கிடக்கும்.