பருமனற்றோரின் ஈரற்கொழுப்பும் தசையும்: பீர்பூம் ஆய்வின் மறுவாசிப்பு

கல்லீரலில் கொழுப்புப் படிவது கொழுத்த சரீரத்தாரின் வியாதி என்ற பழைய நம்பிக்கையை 2010-இல் ‘ஹெப்படாலஜி’ இதழில் வெளிவந்த மேற்கு வங்க ஆய்வு தகர்த்துவிட்டதென்றும், மெலிந்தோருக்கு வரும் இந்நோய் பரம்பரைக் கூறுகளால் விளையும் தனி வகையென்றும் ஒரு சாரார் நெடுங்காலமாக எழுதிவருகின்றனர். அவ்வாய்வின் எண்கள் அத்தனை பெரிய முடிவைத் தாங்கமாட்டா என்பதும், அவை நம்மைத் திருப்புவது ஆகாரத்தையும் தசையையும் நோக்கியே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பீர்பூம் மாவட்டத்துக் கிராமங்களில் 1,911 பேரை ஆராய்ந்ததில் 8.7 விழுக்காட்டினருக்கு ஈரற்கொழுப்பு காணப்பட்டது; அவர்களுள் நூற்றுக்கு 75 பேரின் உடல்நிறைக் குறியெண் 25-க்குக் கீழே இருந்தது. இந்த முக்கால் பங்குதான் எங்கும் மேற்கோளாகிறது. ஆனால் அம்மக்களில் 25-க்கு மேற்பட்ட குறியெண் உடையோரே நூற்றுக்கு 7 பேர்தாம் என்பதையும் உடன்வைத்துக் கணக்கிட்டால் தோற்றம் மாறிவிடுகிறது. நோயுற்றோர் ஏறத்தாழ 166 பேர். அவர்களில் பருத்தவர் 42 பேர், அதாவது ஊரிலுள்ள 134 பருத்தவரில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றே குறைவு. எஞ்சிய 124 பேரோ மற்ற 1,777 பேரில் நூற்றுக்கு ஏழு. நான்கு மடங்குக்கு மேற்பட்ட இவ்வேறுபாடு, ஆய்வாளர் தாமே கூறும் 4.3 என்ற வாய்ப்பு விகிதம் காட்டும் திசையிலேயே நிற்கிறது. ஆகவே அந்த முக்கால் பங்கு, நோயின் சுபாவத்தைக் காட்டவில்லை. அவ்வூர்களில் பருத்தவர் அரியர் என்பதையே காட்டுகிறது.

மெய்யான செய்தி, அதிகம் எடுத்தாளப்படாத வேறொரு வரியில் இருக்கிறது. குறியெண் 18.5-க்குக் குறைந்தவரோடு ஒப்பிட, 18.5 முதல் 24.9 வரையுள்ளவருக்கு நோய் இரு மடங்கு; வருமான உயர்வும் இரத்தச் சர்க்கரைக் கோளாறும் அதனோடு சேர்ந்தே நடக்கின்றன. நலமென்று நாம் கருதும் எல்லைக்குள்ளேயே ஒருவன் எடை கூடும்போது கூடுவது எது என்ற கேள்விக்கு அந்தக் குறியெண் விடை சொல்லாது. கொழுப்பையும் தசையையும் அது பிரித்தறிவதில்லை. 2004-இல் ‘லான்செட்’ இதழில் புணேயின் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் தம் சரீரங்களையே ஒப்பிட்டுக் காட்டினர்: இருவர் குறியெண்ணும் 22, கொழுப்பு மட்டும் முன்னவருக்கு 21 விழுக்காடு, பின்னவருக்கு 9. நாடு தழுவிய ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வோ, நம் ஆகார சக்தியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தும் ஏறத்தாழ 12 விழுக்காடே புரதத்திலிருந்தும் வருவதாகக் காட்டியிருக்கிறது. இவற்றைச் சேர்த்துப் பார்க்கையில், வறுமையிலிருந்து மேலேறும் குடும்பம் முதலில் சோற்றையே கூட்டிக்கொள்கிறது, தசை பின்தங்கிவிடுகிறது என்பது என் அனுமானம். பிரத்தியட்சப் பிரமாணம் என்று இதைச் சொல்ல மாட்டேன், எனினும் ஏனைய விளக்கங்களைவிட இதுவே எண்களுக்கு நன்கு பொருந்துகிறது.

இதற்கு உடலியல் ஆதரவும் உண்டு. உண்ட சர்க்கரையைப் பெருமளவில் ஏற்பது தசை. 2007-இல் யேல் ஆய்வாளர், தசை இன்சுலினுக்கு இணங்காத மெலிந்த இளைஞரிடத்தில் அச்சர்க்கரை ஈரலுக்குத் திரும்பி, அங்கே கொழுப்பு உற்பத்தியை இரு மடங்குக்கு மேல் உயர்த்துவதைக் கண்டனர். தசையளவை எடையால் வகுத்தால் நோயோடு தொடர்பு தோன்றுவதும், உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது மறைவதும் தலைகீழாவதும் உண்டென்ற ஆட்சேபம் வலுவானதே. ஆகவேதான் வகுத்தெடுத்த எண்ணைவிடக் கைப்பிடியின் வலிமையை நான் நம்புகிறேன். மரபணுவே காரணம் என்பாருக்குச் சுருக்கமாக ஒன்று: மரபணு இரண்டு தலைமுறைக்குள் மாறுவதில்லை, ஊர்களின் உணவும் உழைப்பும் மாறியிருக்கின்றன.

பீர்பூமை விட்டு நம் பக்கம் வந்தால், சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டியையும் அதைச் சூழ்ந்த சேலம், நாமக்கல் சமவெளியையும் வைத்து இவ்வாதத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருபுறம் மரவள்ளிக் காடுகளும், 1981-இல் பதிவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே விற்பனையாகும் ஜவ்வரிசியும். மறுபுறம் நாடெங்கும் முட்டை அனுப்பும் நாமக்கல் கோழிப்பண்ணைகள். ஸ்கேனில் ‘ஈரல்ல கொழுப்பு’ என்று கண்டவுடன் வீடுகளில் முதலில் விலக்கப்படுவது முட்டை. அவ்விடத்தை நிரப்புவதோ கஞ்சியும் இட்லியும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. அதன் மஞ்சட்கருவில் கோலின் என்ற சத்தும் உண்டு; உணவில் அது குறைந்தாலே ஈரலில் கொழுப்புச் சேரும். 100 கிராம் ஜவ்வரிசியிலோ ஒரு கிராம் புரதம்கூட இல்லை. நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 0.83 கிராம் என்பது 2020-இல் வகுக்கப்பட்ட இந்தியப் பிரமாணம். 60 கிலோ உடையவருக்கு அது ஏறக்குறைய 50 கிராம். மெலிந்தவரைப் பார்த்து, ‘சாப்பாட்டைக் குறை’ என்று மட்டும் சொல்லியனுப்பினால் கொழுப்போடு தசையும் கரையும். இதைச் சிறு பிழையென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. சிறுநீரகம் பழுதுற்றோர் வேறு விதிக்கு உட்பட்டவர். அவர்களைக் காட்டி ஏனையோருக்குக் கொள்ளையும் நிலக்கடலையையும் முட்டையையும் மறுப்பதற்கில்லை.

இவ்வட்டாரத்தில் இனி நடத்தப்படும் ஆய்வு எதுவாயினும், ஸ்கேனோடு கைப்பிடி வலிமையையும் அளந்து, தசைநலிவுக்கான ஆசியப் பணிக்குழு 2019-இல் வரையறுத்தபடி ஆண்களில் 28 கிலோவுக்கும் பெண்களில் 18 கிலோவுக்கும் குறைந்தோரைத் தனியே பிரித்து, அவர்கள் நாள்தோறும் உண்ணும் புரதத்தையும் கேட்டெழுத வேண்டும். குறியெண் 18.5-க்கும் 24.9-க்கும் இடைப்பட்டோரில் ஈரற்கொழுப்பு உடையவரின் பிடி, அது இல்லாதவரின் பிடியைவிடத் தளர்ந்திராவிடில் என் அனுமானம் வீழும்.