காலத்தைக் கோடாக்கிய கருவி

கண்ணை இமைப்பதற்கும் கையை நொடிப்பதற்கும் ஆகும் பொழுதை ஒரு மாத்திரை என்று நம் இலக்கண நூலார் வகுத்தனர். எழுத்தின் ஒலியை அளக்க அந்த அளவு போதுமானதாயிருந்தது. ஆனால் கம்பியில் ஓடும் மின்சாரமோ ஒரு மாத்திரைக்குள் பல்லாயிரம் முறை எழுந்து தாழ்ந்துவிடக் கூடியது. அந்த எழுச்சியையும் வீழ்ச்சியையும் கண்ணால் கண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நீடித்தது என்று அளப்பது எங்ஙனம்? இதற்கு விடையாகத் தோன்றியதே ஆஸிலாஸ்கோப் என்னும் அலைகாட்டி. அதனுள் காலத்தை அளந்து தரும் ‘டைம் பேஸ்’ என்ற உறுப்பின் கதையை இங்கே காண்போம்.

1897ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கார்ல் பெர்டினான்ட் பிரௌன் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி காதோட் கதிர்க் குழாயை அமைத்தார். கதிர் படும் இடத்தில் திரை ஒளிர்ந்தது. ஆராய வேண்டிய மின்னோட்டம் அந்த ஒளிப்புள்ளியை மேலும் கீழுமாக அசைத்தது. ஆயினும், அசைவு அவ்வளவோடு நின்றுவிட்டால் திரையில் தெரிவது ஒரு நெடுங்கோடே அன்றி அலையன்று. ஒருவன் எழுத்தாணியை மேலும் கீழும் அசைக்க, மற்றொருவன் ஓலையை ஒரே சீராக இழுத்தால்தான் அலையின் உருவம் பதியும். பிரௌன் இதற்குச் சுழலும் கண்ணாடியை நாடினார். அவருடைய உதவியாளர் ஜோனதன் ஜென்னெக், 1899இல், கதிரையே மின்சாரத்தால் குறுக்கே சீராக நகர்த்திக் காட்டினார். டைம் பேஸ் பிறந்த கதை இதுவே.

பின்னர் வந்த கருவிகளில், ஒரு மின்தேக்கி சிறிது சிறிதாக மின்னேற்றம் பெறும். குறித்த அளவை எட்டியதும் வாயு நிரப்பிய வால்வு ஒன்று அதனைச் சட்டென வெறுமையாக்கும். மின்னழுத்தம் ரம்பத்தின் பல்லைப்போல் ஏறி விழும். இம்முறையில் இரு குறைகள் இருந்தன. குளம் நிரம்ப நிரம்ப வாய்க்காலின் வரத்துக் குறைவதைப்போல, மின்தேக்கி ஏறஏற அதன் வேகம் தளரும். ஆகவே புள்ளியின் ஓட்டம் சீராயிராது. அன்றியும், ரம்ப அலை தன்போக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப வரும் அலையை அதனோடு ஒருவாறு இணைத்து நிறுத்தலாம். ஒரே முறை தோன்றி மறையும் துடிப்பைப் பிடிக்க இயலாது. அலையைப் பார்க்க முடிந்ததேயொழிய, அதன் காலத்தை நம்பி அளக்க முடியவில்லை.

1946இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஹோவர்ட் வோலம், ஜாக் மர்டாக் ஆகியோர் டெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். வோலம் போர்க்காலத்தில் ராடார் பணியில் பழகியவர். 1947இல் வெளிவந்த அவர்களது 511 என்னும் கருவியில், வரும் அலையே டைம் பேஸை முடுக்கி ஓட்டியது. அலை வரும்வரை புள்ளி காத்திருக்கும்; வந்ததும் புறப்படும்.

1960களில் அந்நிறுவனம் விற்ற 560 வரிசையில் இவ்வுறுப்பு தனிப்பெட்டியாகவே பிரிந்தது. தாய்க்கருவியில் குழாயும் மின்வழங்கியுமே முக்கிய உறுப்புகள். இடப்புறக் குழியில் அலையைப் பெருக்கும் பெட்டியையும், வலப்புறக் குழியில் டைம் பேஸ் பெட்டியையும் செருக வேண்டும். வேலைக்கேற்பப் பெட்டியை மாற்றிக்கொள்ளலாம். அவற்றுள் ஒன்றான 2பி67, ஒரு கட்டத்துக்கு 1 மைக்ரோ விநாடி முதல் 5 விநாடி வரை, 1, 2, 5 என்ற முறையில் 21 படிகளில் வேகம் தந்தது.

அத்தகைய பெட்டி இயங்கும் வகையைப் பார்ப்போம். முதலில் நிற்பது வாயிற்காவலன். ஓட்டோ ஷ்மிட் 1930களில் கண்ட ஷ்மிட் சுற்று அது. நாம் குறித்த மட்டத்தை அலை தாண்டியவுடன் அது கூர்மையான ஒரு துடிப்பைத் தரும். ஏறும்போதா, இறங்கும்போதா என்பதையும் நாமே தெரிந்தெடுக்கலாம். அத்துடிப்பு இரண்டாம் சுற்றைப் புரட்டுகிறது. அது கதிரை ஒளிரச் செய்து, மின்தேக்கியைக் கட்டிவைத்திருந்த டயோடுகளை விடுவிக்கிறது.

அடுத்து வருவது மில்லர் சுற்று. இதுவே பெட்டியின் உயிர். ஜான் மில்லர் 1920இல் விளக்கிய விளைவை அடிப்படையாகக் கொண்டது. இங்கே மின்தேக்கி, வால்வின் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையில் அமர்கிறது. கிரிட் சிறிது இறங்கினால் பிளேட் பெரிதும் ஏறி, மின்தேக்கியின் வழியே கிரிட்டைப் பழைய நிலைக்கே தாங்கிவிடுகிறது. ஆகவே மின்தடையின் இரு முனைகளுக்கிடையே அழுத்தம் மாறுவதில்லை, மின்னோட்டமும் மாறுவதில்லை. குளம் நிரம்பினாலும் வரத்துக் குறையாத வாய்க்கால் கிடைத்துவிட்டது! 100 வோல்ட் அழுத்தத்தில் 10 லட்சம் ஓம் தடையின் வழியே 100 மைக்ரோ ஆம்பியர் ஓடும். அது 0.001 மைக்ரோ பாரட் மின்தேக்கியை 1 மில்லி விநாடியில் சரியாக 100 வோல்ட் உயர்த்தும். அவ்வுயர்வு புள்ளியைப் பத்துக் கட்டங்கள் நகர்த்துமாயின், ஒரு கட்டம் 100 மைக்ரோ விநாடி. குமிழைத் திருப்பும்போது நாம் மாற்றுவது இந்தத் தடையையும் தேக்கியையுமே.

ஓட்டம் முடிந்ததும் கதிர் மறைந்து, புள்ளி திரும்புகிறது. மின்தேக்கி முற்றிலும் வெறுமையாகும்வரை புதிய முடுக்கம் எதனையும் ஏற்காதபடி மற்றொரு சுற்று தடுத்துவைக்கிறது. இப்பொறுமை இல்லையேல், ஒவ்வொரு பயணமும் வெவ்வேறிடத்தில் தொடங்கிப் படம் குழம்பிப்போகும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வேகத்தை விருப்பம்போல் மாற்றும் சிறுகுமிழ் தன் குறியிடத்தில் நில்லாவிடில், திரையில் அலை அழகாகவே தெரியும். ஆனால் கட்டங்களை எண்ணிச் சொல்லும் காலம் பொய்யாகிவிடும். மூப்படைந்த வால்வும் மின்தேக்கியும் அவ்வாறே ஏமாற்றும். ஆதலின், பழைய பெட்டியைப் பயன்படுத்துவோர் படிகத்தால் நிலைநிறுத்திய காலக்குறிகளை உள்ளே செலுத்தி, அவை கட்டக்கோடுகளோடு பொருந்துகின்றனவா என்று முதலில் சோதிக்கின்றனர்.

இன்றைய அலைகாட்டிகள் அலையை எண்களாக மாற்றிச் சேமிக்கின்றன. மில்லர் சுற்றின் இடத்தில் படிகக் கடிகாரம் அமர்ந்துவிட்டது. ஆயினும் மட்டம் பார்த்து முடுக்குவதும், 1, 2, 5 என்ற படிகளும் மாறவில்லை. பார்ப்பது வேறு, அளப்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே பாலம் அமைத்தது சீராக ஏறிய அந்த ஒரு கோடுதான்.