கணக்கில் வராத விலங்கு: முள்ளிக்குளக் கரையும் நாய்வழிப் புழுக்களும்

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பிரிவில், வில்பத்துக் காட்டை ஒட்டி அமைந்த முள்ளிக்குளம், கடற்றொழிலும் நெற்செய்கையும் ஒருங்கே நடந்த பழைய கத்தோலிக்க ஊர். இத்தகைய கரையோர ஊர்களில் நாய் சங்கிலியில் கட்டி வளர்க்கப்படுவது அருமை. அது வளவைக் காத்து, வாடியில் கழித்த மீனைத் தின்று, இரவில் முற்றத்து மணலிலேயே படுத்துறங்கும். அங்கே நாயைக் கடிக்கும் நுளம்பு திண்ணையில் பாய் விரித்துப் படுத்தவரையும் கடிக்கிறது என்பதே நாய்வழிப் புழுநோய்களின் வரலாறு முழுவதற்கும் அடிப்படை.

ஆயினும் இலங்கை அரசின் கண்ணுக்கு நாய் பெரும்பாலும் விசர்நாய்க்கடி என்ற ஒரே வாசல் வழியாகத்தான் தெரிந்தது. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் தொடங்கி, நாயைப் பதிதல், பிடித்தல், ஊசி போடுதல் என எல்லா ஏற்பாடும் அந்நோயைச் சுற்றியே எழுந்தன. மன்னார்க் கரையிலோ நுளம்பென்றால் மலேரியா. அதன் கிருமிக்கு நாயுடலில் இடமில்லை என்பதால், நுளம்பையும் நாயையும் சேர்த்து எண்ண வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை.

யானைக்கால் நோயின் கதை வேறு. நிணநீர்க் குழாய்களில் வாழும் பைலேரியாப் புழுக்கள் அந்நோயை உண்டாக்குகின்றன. அவை ஈனும் நுண்புழுக்கள் குருதியில் மிதக்க, நுளம்பு அவற்றை உறிஞ்சி அடுத்தவருக்குக் கடத்துகிறது. இலங்கையில் இப்புழு இருவகை: நகரச் சாக்கடைகளில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு பரப்பும் பாங்கிராப்டி வகை மனிதரை மட்டுமே பற்றும், நாட்டுப்புறக் குளங்களில் மான்சோனியா நுளம்பு பரப்பிய மலாய் வகையில், பிற விலங்குகளிலும் வாழக்கூடிய இனம் உண்டென்று மலாயாவில் 1950களில் நடந்த ஆய்வுகள் காட்டின. மான்சோனியாவின் புழுப்பருவம் மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வருவதில்லை. தன் கூரிய மூச்சுக்குழலை ஆகாயத்தாமரையின் வேரில் குத்தி, அங்கிருந்தே காற்றைப் பெறுகிறது. எனவே 1947இல் தொடங்கிய யானைக்கால் தடுப்பு இயக்கம் ஆகாயத்தாமரையை அழிப்பதில் முனைந்தது. 1960களின் இறுதியில் மலாய் வகை மறைந்துவிட்டதாகவே கருதப்பட்டது.

அந்த நம்பிக்கை வேரூன்றி வந்த காலத்திலேயே, 1962இல், மலாய் வகை சேர்ந்த புரூகியா என்ற பேரினத்தில் புதியதோர் இனம் இலங்கை நாய்களிலிருந்து விவரிக்கப்பட்டு ‘சிலோனென்சிஸ்’ எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டில் மனித உடலில் டைரோபைலேரியா ரெபென்ஸ் என்ற நாய்ப்புழு கண்ட முதல் இலங்கை நோயாளியும் பதிவானார். நாயின் தோலுக்கடியில் வாழும் நூல் போன்ற இப்புழு நாயை வருத்துவது குறைவு. கொழுத்து ஓடியாடும் நாயின் குருதியிலும் நுண்புழு நிறைந்திருக்கலாம். விசர் பிடித்த நாயைத் தெருவே அடையாளம் காணும், இந்த நாயை உருப்பெருக்கி மட்டுமே காணும். மனிதருக்குள் புகுந்தால் புழு பெரும்பாலும் தனியாகவே வளர்ந்து, சந்ததி பெருக்க இயலாமல், கண்ணிமையிலோ கன்னத்திலோ விதைப்பையிலோ கட்டியாகத் திரள்கிறது. இலங்கையில் பதிவான நூற்றுக்கு மேற்பட்டோருள் சிறுவர் பலர். கட்டியை அறுத்தெடுப்பதே பெரும்பாலும் வைத்தியம். புற்றோ என்று அஞ்சி அறுத்தபின் புழுவைக் கண்ட நேர்வுகள் மருத்துவ ஏடுகளில் அரியன அல்ல.

2007 செப்டெம்பரில் போர்ச் சூழலில் முள்ளிக்குளத்தார் ஊரைவிட்டு வெளியேற்றப்பட, அங்கே கடற்படைத் தளம் அமைந்தது. போருக்குப் பின் திரும்பியோர் பலர் அருகிலிருந்த மலங்காட்டில் கொட்டில் போட்டுக் குடியிருக்க நேர்ந்தது, காணியில் ஒரு பகுதியை விடுவிக்க 2017இல் இணக்கம் ஏற்பட்டது. காட்டோரக் கொட்டிலும் அடைப்பில்லாச் சுவரும் வாசலில் படுத்த நாயும் புழுவுக்கு வசதியான கூட்டு என்பதை மீள்குடியேற்றம் பற்றிய பேச்சுகள் அரிதாகவே தொட்டன. காணியும் கடலும் கேட்டு நின்றவர்களிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

அந்த வெளியேற்றத்துக்குச் சற்று முன்னர், 2002 முதல் 2006 வரை, யானைக்கால் நோயுள்ள எட்டு மாவட்டங்களில் ஆண்டுதோறும் மாத்திரை வழங்கப்பட்டது. அவற்றுள் வடக்கே கடைசி மாவட்டமான புத்தளம், முள்ளிக்குளத்துக்குத் தெற்கே வில்பத்துக் காட்டிலிருந்தே தொடங்குகிறது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக ஒழிந்ததென இலங்கைக்குச் சான்றளித்தது. மாத்திரை மனிதருக்கே கொடுக்கப்பட்டது. மனிதரை மட்டும் நம்பிய பாங்கிராப்டி வகை அடங்கியது. நாற்பது ஆண்டுகளாக மறைந்திருந்த மலாய் வகையோ 2000களின் நடுப்பகுதியிலிருந்து மீண்டும் மனிதக் குருதியில் தென்பட்டது, பின்னர் ஆய்வாளர்கள் தேடியபோது நாய்களின், பூனைகளின் குருதியிலும் புரூகியா நுண்புழு கிடைத்தது.