எஞ்சினைக் கழற்றி மோட்டார் மாட்டியவர்கள்: ஒரு வரலாற்று ஆய்வு

பெட்ரோல் வண்டியின் எஞ்சினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மின் மோட்டாரைப் பொருத்தும் வேலை பட்டறைகளில் பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. மின்வாகன வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தொழிற்சாலையில் புதிதாகப் பிறந்த கார்களையே பின்தொடர்கிறார்கள். பழைய வண்டியை மாற்றியவர்களின் கதை அடிக்குறிப்பாக ஒதுங்கிவிடுகிறது. அந்தக் கதையை எடுத்துக்கொள்ளும் இக்கட்டுரை ஒரு கேள்வியைக் கேட்கிறது: எரிபொருள் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் இம்முயற்சி முளைக்கிறது, தட்டுப்பாடு நீங்கியதும் பெரும்பாலும் வாடிவிடுகிறது, சில இடங்களில் மட்டும் அது வேரூன்றியது எப்படி?

போர்க்காலப் பிரான்சிலிருந்து தொடங்கலாம். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது பெட்ரோல் பொதுமக்களுக்கு எட்டாத பொருளாயிற்று. 1941 வாக்கில் மில்தே-க்ரீகர் நிறுவனம் லா லிகோர்ன் கார்களில் மின் மோட்டாரும் பேட்டரிகளும் பொருத்தித் தந்தது. ஈயமும் செம்பும் போருக்குத் தேவைப்பட்டபோது மின்கார் உற்பத்திக்கே தடை வந்தது. போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் இந்தக் கார்களைத் தேடுவார் இல்லை.

அமெரிக்காவில் 1959-இல் வெளிவந்த ஹென்னி கிலோவாட், எனக்குத் தெரிந்தவரை, ஒரு நிறுவனமே முன்வந்து செய்த மாற்றங்களில் முக்கியமானது. ரெனோ டோஃபின் என்ற சிறிய பிரெஞ்சுக் காரின் உடலை எஞ்சின் இல்லாமல் வாங்கி அதில் மோட்டார் பொருத்தினார்கள். முதல் மாதிரியில் 36 வோல்ட்; வேகம் மணிக்கு 64 கி.மீ. அளவு. அது போதாதென்று கண்டு 1960-இல் ஆறு வோல்ட் பேட்டரிகள் 12-ஐத் தொடராக இணைத்து 72 வோல்ட் ஆக்கினார்கள். வேகம் மணிக்கு 95 கி.மீ.யையும், ஒரு சார்ஜில் ஓடும் தூரம் 95 கி.மீ.யையும் ஒட்டி உயர்ந்தன. நூறு கார்களுக்கான உடல்கள் தயாராயின; விற்றவை 47 மட்டுமே. வாங்கியவற்றில் பெரும்பாலானவை மின்சார நிறுவனங்கள். பெட்ரோல் மலிவாகக் கிடைத்த நாட்டில் சாதாரணக் குடும்பத்துக்கு இந்தக் கார் தேவைப்படவில்லை. ஆனால் அந்த 12 பேட்டரி, 72 வோல்ட் என்ற அமைப்பை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். 35 ஆண்டுகள் கழித்து அது இமயமலை அடிவாரத்தில் வேறொரு வண்டியில் மறுபடி வரும்.

1968 ஆகஸ்ட் 26 அன்று அமெரிக்காவின் இரு கரைகளிலிருந்தும் இரண்டு மின்கார்கள், யார் முதலில் எதிர்க்கரை சேர்வது என்ற போட்டியில், எதிரெதிர்த் திசையில் புறப்பட்டன. மேற்குக் கரையில் கால்டெக் கல்வி நிறுவன மாணவர்கள் 1958-ஆம் ஆண்டு வோக்ஸ்வாகன் மைக்ரோபஸ் ஒன்றை மாற்றியிருந்தார்கள். தலைமை வாலி ரிப்பல். கிழக்குக் கரையில் எம்.ஐ.டி. கல்வி நிறுவன மாணவர்கள் மாற்றியது செவ்ரோலே கோர்வேர். வழியில் 54 இடங்களில் சார்ஜ் செய்ய ஏற்பாடு. கால்டெக் வண்டியில் சாதாரண ஈய-அமில பேட்டரிகள், எம்.ஐ.டி. வண்டியில் பல மடங்கு விலையுள்ள நிக்கல்-காட்மியம். விலையுயர்ந்த பேட்டரி சார்ஜ் ஏறும்போது கொதித்தது. பனிக்கட்டி கொட்டிக் குளிர்வித்தார்கள். எம்.ஐ.டி. வண்டி முதலில் எல்லை சேர்ந்தாலும் இடையில் கட்டி இழுக்கப்பட்ட தூரத்துக்குத் தண்டனை நேரம் கூட்டப்பட்டது. ஏறத்தாழ அரைமணி நேர வித்தியாசத்தில் கால்டெக் வென்றது. இந்தப் போட்டியின் பயன் வெற்றி தோல்வியில் இல்லை. மோட்டாரைவிட பேட்டரியும், பேட்டரியைவிட வழியில் அதை நிரப்பும் இடமும்தான் வண்டியின் தலைவிதியை எழுதுகின்றன என்பதைக் கண்கூடாகக் காட்டியது அது. ரிப்பல் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் இம்பாக்ட் மின்காரிலும், அதன் பிறகு டெஸ்லாவிலும் பணியாற்றினார்.

1973-இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. கச்சா எண்ணெய் பீப்பாய் 3 டாலர் அளவிலிருந்து 12 டாலரை நெருங்கியது. வீட்டுக் கொட்டகைகளில் மாற்றுவோர் பெருகினர். இவர்கள் பெரிதும் விரும்பியது வோக்ஸ்வாகன் பீட்டில். எடை குறைவு, காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் ரேடியேட்டர் இல்லை, நான்கு போல்ட்டைக் கழற்றினால் எஞ்சின் தனியே வந்துவிடும். கியர்பாக்ஸ் அப்படியே இருக்க, அதன் வாய்க்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு இணைப்புத் தகட்டைக் கடைந்து பொருத்தினால் போதும். மோட்டாருக்குப் பழைய ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளையும், கழித்துவிட்ட விமான ஜெனரேட்டர்களையும் நாடினார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தத் தொடக்கத்தில் கான்டாக்டர் ஸ்விட்சுகள்; பேட்டரிகளைப் பக்க இணைப்பிலும் தொடர் இணைப்பிலும் மாற்றி மாற்றிப் போடுவார்கள், வண்டி குலுங்கிக் குலுங்கிக் கிளம்பும். எண்பதுகளில் டிரான்சிஸ்டர் கன்ட்ரோலர்கள் கடையில் கிடைக்கத் தொடங்கியதும் அந்தக் குலுக்கல் போயிற்று.

வெளியே தெரியாத சிக்கல்கள் இன்னும் உண்டு. பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் எஞ்சினிலிருந்து வருவது. எஞ்சின் போனால் அதற்கெனத் தனிப் பம்பு வேண்டும். ஆல்டர்னேட்டர் இல்லாததால் விளக்குக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் இறக்கித் தரும் கருவி வேண்டும். இவையெல்லாம் தீர்க்கக்கூடியவை. தீராதது எடை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் உண்டு. எஞ்சின் முக்கால் பங்கை வெப்பமாக விரயமாக்கினாலும் 2 யூனிட்டுக்கு மேல் சக்கரத்துக்கு வந்து சேரும். அதே வேலையைச் செய்ய ஈய-அமில பேட்டரி 60 கிலோவுக்குக் குறையாமல் தேவை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியாக இருந்தால் 15 முதல் 20 கிலோ. இந்தக் கணக்கு மாறும்வரை மாற்றிய கார் அண்டை ஊர் போய்வரும் கார்தான்.

எண்ணெய் விலை எண்பதுகளின் நடுவில் சரிந்ததும் அமெரிக்க ஆர்வமும் சரிந்தது. அடுத்த கட்டம் எதிர்பாராத இடத்தில் நிகழ்ந்தது.

காத்மாண்டு

1989-இல் இந்தியாவுடனான வர்த்தக ஒப்பந்தம் காலாவதியாகி எல்லை பெரும்பாலும் அடைபட்டபோது, கடற்கரையில்லாத நேபாளத்தில் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வறண்டன. ஆறுகள் நிறைந்த நாடு தன் நீர்மின்சாரத்தில் ஓடாமல் பக்கத்து நாட்டு டேங்கர் லாரிக்குக் காத்துக்கிடப்பதை அங்குள்ள பொறியாளர்களால் பொறுக்க முடியவில்லை. அவர்களில் ஒரு குழு பழைய வோக்ஸ்வாகன் ஒன்றை மின்சாரத்துக்கு மாற்றிப் பார்த்தது. காத்மாண்டுக்கு மின்வண்டி புதிதும் அல்ல: சீன உதவியோடு 1975 முதல் திரிபுரேஸ்வரத்துக்கும் சூரியவிநாயக்குக்கும் இடையே டிராலி பஸ்கள் ஓடின.

அப்போது காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் புகை கக்கிக்கொண்டு ஓடியவை விக்ரம் டெம்போக்கள். லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் தயாரித்த டீசல் மூன்று சக்கர வண்டிகள். மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற ஊர் என்பதால் குளிர்காலத்தில் புகை மேலெழாமல் தங்கிவிடும். அமெரிக்க உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டின் நிதியோடு குளோபல் ரிசோர்சஸ் இன்ஸ்டிட்யூட் என்ற குழு 1993-இல் ஒரு விக்ரமின் டீசல் எஞ்சினை இறக்கி மின் மோட்டார் ஏற்றியது. பின்னர் சில வண்டிகள் பயணிகளோடு சோதனையாக ஓடின. அவற்றில் இருந்தவை ஆறு வோல்ட் பேட்டரிகள் 12; மொத்தம் 72 வோல்ட். ஹென்னி கிலோவாட்டின் அதே கூட்டல். நேபாளி மொழியில் ‘சஃபா’ என்றால் தூய்மை. வண்டிக்கு சஃபா டெம்போ என்று பெயர் வந்தது.

அமெரிக்கக் குடும்பத்தைக் கவராத அதே தொழில்நுட்பம் காத்மாண்டில் ஏன் நின்றது? காரணம் வண்டிக்கு வெளியே இருந்தது என்று கருதுகிறேன். டெம்போ ஓடுவது குறித்த தடத்தில். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்பது முன்பே தெரியும். ஒரு சார்ஜ் 60, 70 கி.மீ. தாங்கும். நண்பகலில் வண்டி நிலையத்துக்கு வரும். தீர்ந்த பேட்டரித் தட்டை இழுத்து, நிரம்பிய தட்டைத் தள்ளிப் பூட்டினால் சில நிமிடங்களில் மறுபடி தடம் ஏறலாம். 300 கிலோவுக்கு மேற்பட்ட ஈயத்தைச் சுமந்துகொண்டு 40 கி.மீ. வேகத்தில் போவது தனிக் காருக்குக் குறை. பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றி நெரிசலில் ஊரும் வண்டிக்கு அது பொருட்டே இல்லை. கியர் மாற்றும் தொல்லையும் இரைச்சலும் குறைவு. பெண்கள் பெருமளவில் ஓட்டுநர்களாக வந்தது இந்த வண்டிக்குத் தனி முகம் தந்தது.

1999-இல் அரசாணையால் டீசல் விக்ரம்கள் பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றப்பட்டன. சஃபா டெம்போக்கள் 600-ஐத் தாண்டின. சார்ஜ் நிலையங்கள் 30-க்கு மேல். இதற்குள் பழைய வண்டியை மாற்றும் வேலை, புதுச் சேஸிஸில் வண்டி கட்டும் தொழிலாக வளர்ந்திருந்தது. ஆனால் எந்த அரசாணை வழிவிட்டதோ அதுவே வழியையும் அடைத்தது. விக்ரம் இழந்தவர்களுக்கு இழப்பீடாக, மைக்ரோபஸ் இறக்குமதிக்குச் சுங்கச் சலுகை கிடைத்தது. வேகமான மைக்ரோபஸ்கள் அதே தடங்களில் நுழைந்தன. பேட்டரித் தொகுதியை இரண்டாண்டுக்குள் மாற்ற வேண்டிய செலவு உரிமையாளர்களை அழுத்தியது. பிறகு நாளொன்றுக்கு 16 மணி நேரம் வரை நீண்ட மின்வெட்டு. வளர்ச்சி நின்றது, வண்டிகள் நிற்கவில்லை. பிற்காலத்தில் ஈயத்தை இறக்கி லித்தியம் ஏற்றி அதே டெம்போக்களைத் தொடர்ந்து ஓட்டினார்கள். மாற்றப்பட்ட வண்டியே மறுபடி மாற்றப்பட்டது.

அனுமதிச் சீட்டு

இரண்டாயிரத்துக்குப் பின் பேட்டரிக் கணக்கு மாறியது. அதன்பின் தடையாக நின்றது சட்டம். பிரான்ஸ் 2020-இல்தான் தெளிவான ஆணை ஒன்றை வெளியிட்டது: ஐந்தாண்டு கடந்த காரையும் மூன்றாண்டு கடந்த இருசக்கர வண்டியையும், உற்பத்தியாளரின் சம்மதத்துக்குக் காத்திராமல், சோதனை முடித்த கிட்டை, அதாவது மாற்றத்துக்கான உதிரிகளின் தொகுப்பை, பொருத்தி மாற்றலாம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றத் தடை விதித்தாலும், எரிபொருள் மாற்றும் கிட்டுக்கு விலக்கு தந்துள்ளது. பேட்டரி என்ற சொல்லே அதில் இருக்கிறது. கிட்டுக்கான சோதனை விதி ஏ.ஐ.எஸ்.-123. புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனத்தில் தேறிய கிட்டாக இருக்க வேண்டும், ஆர்.டி.ஓ. அதை ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். ஒப்புதல் வண்டி மாதிரிக்குத் தக்கபடி என்பதால் திறமையான ஒரு மெக்கானிக் தன் பட்டறையில் செய்த மாற்றத்துக்குச் சாலையில் இடமில்லை. பாதுகாப்புக்கு இது தேவை என்பதை மறுக்கவில்லை. லித்தியம் தீப்பிடித்தால் அணைப்பது எளிதல்ல. ஆயினும் சோதனைச் செலவைத் தாங்கும் நிறுவனம் மட்டுமே இத்துறையில் நுழைய முடியும் என்ற நிலை, இதைத் தொடங்கிவைத்த கைகளையே வெளியே நிறுத்துகிறது.

பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடையிருந்த டில்லியில், மின்சாரத்துக்கு மாற்றினால் ஓட்டலாம் என்று 2021-இல் அரசு அறிவித்தது. காருக்கான கிட் சில லட்சம் ரூபாய். பத்தாண்டுக் காரின் விற்பனை மதிப்பே அவ்வளவுதான்.

இருசக்கர வண்டியில் கணக்கு வேறு. தானேயைச் சேர்ந்த கோகோஏ1 நிறுவனம் ஸ்ப்ளெண்டர் பைக்குக்குப் பின்சக்கரத்திலேயே மோட்டார் அமைந்த கிட்டை ஒப்புதலோடு விற்கிறது. கிட், பேட்டரி, பொருத்துக்கூலி எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 60 கி.மீ., பெட்ரோல் 100 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 67 காசு. மின்சாரத்தில் 25 காசு. மிச்சம் 1 ரூபாய் 42 காசு. போட்ட பணம் திரும்ப ஏறத்தாழ 60,000 கி.மீ. ஓட வேண்டும். தினம் 20 கி.மீ. அலுவலகம் போய்வருபவருக்கு எட்டாண்டுக்கு மேல்; அதற்குள் பேட்டரி மூப்படையும். தினம் 100 கி.மீ. ஓடும் உணவு விநியோகத் தொழிலாளிக்கு 20 மாதம். காத்மாண்டில் கண்டதே இங்கும்: நாள் முழுதும் ஓடும் வண்டிக்கே மாற்றம் கட்டுபடியாகிறது. நைரோபியில் 2017-இல் தொடங்கிய ஓபிபஸ் நிறுவனம் சஃபாரி ஜீப்புகளை மாற்றுவதில் முதலில் கைவைத்ததும் இதே தர்க்கத்தில்தான். அந்த ஜீப்புகள் மாலையில் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும்.

இலங்கையில் 2022 ஜூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்குக் கிடைத்தது வாரத்துக்கு 5 லிட்டர். ஒன்றரை நாள் ஓட்டத்துக்குக்கூடப் போதாது. அந்த நெருக்கடியின் தொடர்ச்சியாகவே பெட்ரோல் முச்சக்கர வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றும் திட்டத்தை ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் போக்குவரத்து அமைச்சும் முன்னெடுத்தன. அங்கே பதிவானவை பத்து லட்சத்துக்கு மேல். டெம்போவைப் போல அவற்றுக்குத் தடமில்லை, நிலையமில்லை. ஆனால் தரிப்பிடம் உண்டு. சவாரிக்கும் சவாரிக்கும் இடையில் வண்டி வரிசையில் நிற்கும் அந்தச் சாலையோர மர நிழலில் இன்று மின் இணைப்பு இல்லை. கிட்டின் விலையைப் பேசும் அளவுக்கு அந்த மர நிழலைப் பற்றியும் திட்டம் பேச வேண்டும். காத்மாண்டில் நண்பகலில் தட்டு மாற்றிய நிலையத்தின் வேலையை இங்கே செய்யக்கூடிய இடம் அதுதான்.