ஏழு கிணறும் எங்க அத்தை வீட்டு அடிபம்பும்

ரஞ்சன்குடின்னா தெரியாதவங்களுக்கு ஒரு அடையாளம் சொல்றேன். சென்னையிலேர்ந்து திருச்சி போற பஸ்ல, பெரம்பலூர் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ரோட்டோரமா ஒரு கோட்டை தெரியும். பாதிப்பேர் அந்த நேரத்துல வாயப் பொளந்து தூங்கிட்டிருப்பாங்க. அதான் எங்க ஊரு. 17-ம் நூற்றாண்டுல ஒரு ஜாகீர்தார் கட்டின கோட்டை. ஒண்ணுக்கு மேல ஒண்ணா மூணு மதில், சுத்தி அகழி. 1751-ல் முகமது அலி தரப்பும் சந்தா சாகிப் தரப்பும் இந்த வாலிகண்டபுரம் பக்கம்தான் மோதினாங்க. பின்னாடி ஆளுக்கொரு வெள்ளைக்காரக் கம்பெனி. பள்ளிக்கூடத்துல கர்நாடகப் போர்னு ரெண்டு மார்க்குக்குப் படிச்சது ஞாபகம் இருக்கா, அதுல ஒரு துண்டு.

போன பொங்கலுக்கு அத்தையைக் கூட்டிட்டு ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவோட அக்கா. 1968-ல் கல்யாணமாகி சென்னை பழைய வண்ணாரப்பேட்டைக்குப் போனவங்க. சின்ன வயசுல ஓடியாடின கோட்டையைப் பாக்கணும்னு ஆசைப்பட்டாங்க. மூட்டு வலியோட பாதி தூரம் ஏறி ஒரு கல்லுல உக்காந்தாங்க. கீழ்ப்பகுதிக்குப் பேட்டைன்னு பேரு, ஜனங்க இருந்த இடம். மேல கோட்டைமேடு, சண்டைக்கான இடம். அத்தை மேலயும் கீழயும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "ஏண்டா, மேல இருந்தவனுக்கெல்லாம் யாருடா தண்ணி தூக்கியிருப்பா?"ன்னு கேட்டாங்க.

நான் மதில் எத்தனை அடி, எப்படிக் கல்லு அடுக்கினாங்கன்னு அளந்துட்டிருந்தேன். அம்பது வருஷமா குடம் தூக்கின மனுஷிக்குத்தான் இந்தக் கேள்வி தோணும். அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு. ரஞ்சன்குடியில ஆரம்பிச்சாலும் மேட்டர் முழுக்க வடசென்னைதான், பொறுத்துக்கங்க.

சென்னையிலயும் ஒரு கோட்டை இருக்கே, செயின்ட் ஜார்ஜ் கோட்டை. கடலோரத்துல கட்டிட்டாங்க, உள்ள நல்ல தண்ணிக்குத் தட்டுப்பாடு. 1772-ல் கேப்டன் பேக்கர்னு ஒருத்தர் கோட்டைக்கு வடக்கே, ஜனங்க வாழ்ந்த கருப்பர் பட்டணத்துப் பக்கம், மணல்பாங்கான இடமா பாத்துக் கிணறு வெட்டினார். பத்து வெட்டி மூணு சரிப்படல. மிச்சம்தான் ஏழுகிணறு. வள்ளலார் சின்ன வயசுல வாழ்ந்த அதே ஏழுகிணறு. அங்கிருந்து குழாய் போட்டுக் கோட்டைக்குத் தண்ணி போச்சு. கிணறு இருந்தது ஜனங்க தெருவுல, தண்ணி போனது சிப்பாய்க்கும் துரைக்கும். அத்தை கேட்ட கேள்விக்கு ஒரு பதில் இது. பேட்டை தூக்கும், மேடு குடிக்கும்.

நகரத்துக்கே குழாய்த்தண்ணி வர இன்னும் நூறு வருஷம் ஆச்சு. ஃப்ரேசர்னு ஒரு இன்ஜினியர் 1866-ல் திட்டம் கொடுத்து, 1872-ல் வேலை முடிஞ்சுது. கொசஸ்தலையாத்துக்குக் குறுக்க தாமரைப்பாக்கத்துல அணை, அங்கேருந்து சோழவரம் ஏரி, அப்புறம் செங்குன்றம் ஏரி, அங்கேருந்து திறந்த மண் வாய்க்கால் வழியா கீழ்ப்பாக்கம். அதுக்கப்புறம் இரும்புக்குழாய். நல்ல திட்டம்தான், யார் மறுக்கறா. ஆனா தண்ணிய வடிகட்டல. ஏரியில என்ன இருந்துதோ, வாய்க்கால்ல என்ன விழுந்துதோ, அதேதான் வீட்டுக் குழாய்லயும். 1914 வரைக்கும் இப்படித்தான். கணக்குப் போட்டா 42 வருஷம்.

அறிவியல் அப்ப வளரலயேன்னு சொல்லத் தோணும். 1892-ல் ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்துல காலரா வந்து எட்டாயிரத்துக்கும் மேல ஜனங்க செத்தாங்க. ஒட்டியே இருந்த ஆல்டோனாவும் அதே எல்பே ஆத்துத் தண்ணியத்தான் குடிச்சுது, அதுவும் ஹாம்பர்க் சாக்கடை கலந்த பிறகு. ஆனா ஆல்டோனாவுல மணல் வடிகட்டி இருந்துது. அங்க சாவு ரொம்பக் குறைவு. இதைவிடத் தெளிவா எவன் எடுத்துச் சொல்லணும்? அதுக்கப்புறமும் 22 வருஷம் கழிச்சுத்தான் கீழ்ப்பாக்கத்துல மணல் வடிகட்டி ஓட ஆரம்பிச்சுது, மேட்லின்னு ஒரு இன்ஜினியர் காலத்துல.

சரி, 1914-ல் தண்ணி சுத்தமாயிடுச்சு, கதை முடிஞ்சுதா? 1992-ல் இதே மதராஸ்ல புதுவகை காலரா கிருமி ஒண்ணு கிளம்பி உலகத்தையே திரும்பிப் பாக்க வெச்சுது. ஓ139-னு பேரு. வங்காள விரிகுடாவ ஒட்டின ஊர்கள்ல முதல்ல பிடிபட்டதால 'பெங்கால்'னு அடைமொழி வேற. கீழ்ப்பாக்கத்துல தண்ணி எவ்வளவு சுத்தமா கிளம்பினாலும், அங்கேருந்து டம்ளர் வரைக்கும் ஒரு வழி இருக்கே.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

அத்தை வீடு ஒரு நீளமான ஒட்டுவீடு, ரயில்பெட்டி மாதிரி. ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் செவுரு. காத்து, குடிதண்ணி, கழிவுத்தண்ணி எல்லாத்துக்கும் ஒரே நடைபாதைதான். கல்யாணமாகி வந்த புதுசுல குழாய் இடுப்பு உயரத்துல இருந்துச்சாம். கொஞ்ச வருஷத்துல தண்ணி ஏறல, முழங்கால் உயரத்துக்கு வெட்டினாங்க. அப்புறம் தரை. எண்பதுகள்ல தரையத் தோண்டி ரெண்டடிப் பள்ளம், அதுக்குள்ள குடம். அதுலயும் வராதப்ப தெருக்குழாய்லேர்ந்து வர்ற லைன்லயே ஒரு அடிபம்பு. வடசென்னைக்காரங்களுக்கு இதெல்லாம் சொல்லவே வேணாம். ராத்திரி மூணு மணிக்கு 'டக் டக்'குனு தெருவே அடிக்கும். அந்தச் சத்தம் கேக்கலன்னாதான் அத்தைக்குத் தூக்கம் கலையும்.

நகரத்தோட தண்ணி வரலாறை யாராவது எழுதணும்னா, ஏரி அளவு பாக்க வேணாம், அந்தக் குழாயோட உயரத்த வருஷவாரியா குறிச்சா போதும்.

2004. அதுக்கு முந்தின வருஷம் மழை பொய்ச்சு ஏரியெல்லாம் வறண்டு, தெருமுனையில கருப்பு சின்டெக்ஸ் தொட்டி வெச்சு லாரித்தண்ணி ஊத்தின காலம். குழாய்ல எப்ப வரும்னே தெரியாது. அத்தை பொண்ணு ஏழாம் மாசம், பிரசவத்துக்கு வந்திருந்தா. முதல்ல குமட்டல். மாசமா இருக்கறவளுக்குக் குமட்டல்தானேன்னு விட்டுட்டாங்க. கண்ணு மஞ்சளான பிறகுதான் ஆஸ்பத்திரி. அவ பொழச்சா. குழந்தை தங்கல.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல தண்ணி எங்கேருந்து?" அத்தை சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. "நாங்க லாரித்தண்ணி குடிக்கறதில்ல டாக்டர், குழாய்த்தண்ணிதான்." பெருமையாத்தான் சொன்னாங்க.

ஒருத்தர் வந்து சோதிச்சுப் பாத்தார். சின்னக் குப்பியில தண்ணி பிடிச்சு சொட்டு மருந்து விட்டா, குளோரின் இருந்தா மஞ்சளாகும். பக்கத்து வீட்டுத் தண்ணி மஞ்சளாச்சு. எங்க வீட்டு முதல் குடம் அப்படியே வெள்ளையா நின்னுது. அப்ப தெருக்குழாய்ல தப்பில்ல, வீட்டுக்குள்ளதான் ஏதோ. நடைபாதையத் தோண்டினா, இரும்புக்குழாய் துருப்பிடிச்சு சல்லடையா இருக்கு. ஒரு சாண் தள்ளி கக்கூஸ் சேம்பர், செங்கல் செவுரு விரிசல் விட்டிருந்துச்சு.

இதுல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். குழாய்ல தண்ணி ஓடிட்டிருந்தா அழுத்தம் உள்ளேருந்து வெளிய தள்ளும். ஓட்டை இருந்தா தண்ணி கசிஞ்சு வீணாகும், அவ்வளவுதான். சப்ளை நின்னுட்டா தள்ள ஆள் இல்ல. அந்த நேரத்துல அடிபம்பை அடிச்சா, வெறுங்குழாய் சுத்தியிருக்கற மண்ணு ஈரத்தை உள்ள உறிஞ்சும். ஈரம் எதோட ஈரம்னு பம்புக்குத் தெரியுமா? தண்ணி வராத நாள்லதான் நாம இன்னும் பலமா அடிச்சோம். முதல் ரெண்டு குடம் லேசா வாடை வருதுன்னு அத்தை அதைப் பாத்திரம் கழுவ வெச்சுப்பாங்களாம். கழுவின பாத்திரத்துலதான் எல்லாரும் குடிச்சோம்.

பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாம்னு அப்ப நெனச்சேன். அப்புறம் டெல்லி கதையப் படிச்சேன். 1955 நவம்பர்ல யமுனைக்கு வெள்ளம் வந்து வடிஞ்சப்ப, நஜஃப்கர் சாக்கடை பின்வாங்கி, வசீராபாத்துல குடிதண்ணி எடுக்கற இடத்துக்கே வந்துடுச்சு. விவரம் தெரிஞ்சு குளோரினை ஏத்தினாங்க. டைஃபாய்டோ சீதபேதியோ பெருசா வரல. ஆனா சில வாரத்துல மஞ்சக்காமாலை, கிட்டத்தட்ட 29,000 பேருக்கு. பாக்டீரியாவுக்குப் போதுமா இருந்த அளவு அந்த வைரஸை ஒண்ணும் பண்ணல. மாசமா இருந்த பொண்ணுங்கதான் அதிகம் செத்தாங்க. அது ஹெபடைடிஸ் ஈ-ன்னு பல வருஷம் கழிச்சு, பத்திரப்படுத்தி வெச்ச ரத்தத்தைச் சோதிச்சுக் கண்டுபிடிச்சாங்க. நல்லாக் கொதிக்க வெச்சா அந்தக் கிருமி நிக்காது. ஆனா 2004-ல் அந்த வீட்ல கேஸ் சிலிண்டர் கணக்குப் பாத்து எரியும். ரெண்டு வேளை சோத்துக்கு மேல தண்ணிக்கு யார் கேஸ் எரிப்பா?

வினோதம் என்னன்னா, எங்க ஊர்ல இதே அடிபம்புதான் தண்ணிய சுத்தமாக்கிச்சு. எழுபதுகள்ல யுனிசெஃப் உதவியோட கோயமுத்தூர்ப் பக்கம் சோதிச்சு உருவாக்கின இந்தியா மார்க் 2 பம்பு. பாறைக்கு அடியில ஆழத்துலேர்ந்து எடுக்கும், மேல சிமெண்ட் மேடை போட்டு மூடியிருக்கும், அழுக்கு இறங்காது. ஊருக்குப் போனா பம்புத்தண்ணி, பட்டணத்துலயும் பம்புத்தண்ணின்னு அத்தை ரெண்டையும் ஒண்ணா நெனச்சதுல என்ன தப்பு?

குழாய விட்டுட்டு வீட்டுக்கு வீடு போர் போட்டுக்கலாமேன்னு சொல்றவங்களுக்கு: 2013-ல் பக்கத்துத் தண்டையார்பேட்டையில போர் தண்ணியில பெட்ரோல் வாடை வந்துது. மண்ணுக்கடியில போற எண்ணெய்க் குழாய்ல கசிவு. பழைய பேட்டைகளுக்குக் கீழ என்னென்ன போகுதுன்னு, மேல குடியிருக்கறவனுக்கு யாரும் சொல்றதில்ல.

அத்தை வீட்ல இப்ப லைன் மாத்தியாச்சு. சேம்பரும் தள்ளிக் கட்டியாச்சு. பள்ளத்தை மூடிட்டாங்க, பம்பு போயிடுச்சு. நடைபாதையில அது இருந்த இடத்துல சிமெண்ட் மட்டும் வேற கலர்ல இருக்கும். அதுமேல யாரும் எதுவும் வெக்கறதில்ல.

கோட்டையிலேர்ந்து இறங்கி வந்து, தெருமுனை பம்புல நான் கைய வெச்சுக் குடிச்சேன். சின்ன வயசு ருசி, கொஞ்சம் உப்பு. அத்தைக்கும் ஒரு சொம்பு பிடிச்சு நீட்டினேன். வாங்கி முகம் கழுவிக்கிட்டாங்க. அப்புறம் பையத் தொறந்து, வண்ணாரப்பேட்டையிலேர்ந்து காய்ச்சி ஆறவெச்சுக் கொண்டுவந்த பாட்டிலை எடுத்தாங்க.

"இந்தத் தண்ணி நல்ல தண்ணி அத்தை"ன்னேன்.

"தெரியும்டா, நான் குடிச்சு வளந்தது தானே"ன்னு சொல்லிட்டு, பாட்டிலையே அண்ணாந்து குடிச்சாங்க.