துணையின்றிச் சென்ற மாணவி

வில்லியனூர், பாகூர் போன்ற சிற்றூர்களிலிருந்து மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்குச் செல்லும் மணமான பெண்ணுடன் கணவர் செல்வது இன்று வியப்பன்று. நூற்றாண்டுக்கு முன்னர் அவ்வாறு இணைந்து செல்ல விரும்பிய மராத்தியத் தம்பதியரின் வரலாறு திருச்சபையின் சிந்தனைக்குரியது.

அஞ்சல்துறை எழுத்தரான கோபால்ராவ் ஜோஷி, மனைவி ஆனந்திபாய் அமெரிக்காவில் கல்வி கற்கவும், தமக்கு அங்கே ஒரு பணி கிடைக்கவும் உதவி வேண்டி 1878இல் மிஷனெரிமாருக்கு எழுதினார். அக்கடிதத்தைத் தம் இதழில் வெளியிட்ட ராயல் வைல்டர், கிறிஸ்துவை ஏற்குமாறே அறிவுறுத்தினார். தம்பதியர் அதற்கு இசையவில்லை.

அவ்விதழைத் தற்செயலாக வாசித்த நியூஜெர்சியின் தியோடிசியா கார்ப்பெண்டர் அம்மையார், எந்த நிபந்தனையுமின்றித் தம் இல்லத்தைத் திறந்தார். 1883இல் செராம்பூர் கல்லூரி மண்டபத்தில் பேசிய ஆனந்திபாய், இந்துவாகவே சென்று இந்துவாகவே திரும்புவேன் என அறிவித்தார். செராம்பூரின் இறையியல் பட்டம் பெறும் நாம் இதை நினைவிற்கொள்ளல் நன்று. அவ்வாண்டு ஏப்ரலில், கணவர் உடன்வர இயலாத நிலையில், பதினெட்டு வயதில், மிஷனெரிப் பெண்களின் துணையோடு கல்கத்தாவில் கப்பலேறினார். பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1886 மார்ச்சில் பட்டம் பெற்றபோதுதான் கோபால்ராவ் அருகிருந்தார். 1887 பெப்ருவரியில் ஆனந்திபாய் புனேயில் காலமானார். அப்போது வயது இருபத்திரண்டு கூட நிறையவில்லை.

ஒரே இதழ் அவருக்கு நிபந்தனையையும் தந்தது, வழியையும் காட்டியது. இதழாசிரியர் சாட்சியை எதிர்பார்த்தார். அம்மையாரோ தம் செயலையே சாட்சியாக்கினார். பரிந்துரைக் கடிதம் வேண்டி நம் குருமனைக்கு வரும் தம்பதியரிடம் நாம் முதலில் கேட்பது எது? அவர்கள் தேவையையா, விசுவாசத்தையா?