கழுத்தைத் திருப்ப முடிகிறதா?

1862-ல் எகிப்தின் லக்சர் நகரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பழைய பாப்பிரஸ் சுருளை வாங்கினார். 1930-ல் ஜேம்ஸ் பிரெஸ்டட் அதன் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். சுமார் 3,600 வருஷத்துக்கு முந்தைய மருத்துவச் சுவடி அது. மொத்தம் 48 கேஸ். கழுத்தெலும்புக்கு மட்டும் ஐந்து!

சுளுக்கு கேஸில் வைத்தியர் எடுத்ததுமே அடிபட்டவரைத் தன் தோள்களையும் மார்பையும் பார்க்கச் சொல்கிறார். வலியோடு பார்க்க முடிந்தால் சுளுக்கு, குணப்படுத்தலாம். கை காலில் உணர்வில்லை, தன்னையறியாமல் சிறுநீர் சொட்டுகிறது என்றால் கையை விரித்துவிடுகிறார். தலைகீழாக விழுந்து ஓர் எலும்பு அடுத்ததற்குள் நொறுங்கிய கேஸும் உண்டு.

இப்போ 2001-க்கு வருவோம். கனடாவில் இயன் ஸ்டீல் குழுவினர், 10 மருத்துவமனைகளில் 8,924 பேரை ஆராய்ந்து, நினைவோடு இருப்பவர்களில் யாருக்கு எக்ஸ்ரே வேண்டும் என்று ஒரு விதி வகுத்தார்கள். அதிலும் கழுத்தைத் திருப்பச் சொல்கிறார்கள்: இரண்டு பக்கமும் 45 டிகிரி. ஆனால் அது கடைசிப் படி. முதலில் கேட்பது, எப்படி அடிபட்டது? கை கால் மரத்துப்போகிறதா? வயசு 65 அல்லது அதற்கு மேலா?

நீச்சல்குளத்தில் டைவ் அடித்துத் தலை தரையில் இடித்த 20 வயசுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். வயசு குறைவு, தானே எழுந்து நடந்தும் வந்துவிட்டான். இருந்தாலும் கழுத்து வலித்தால் நேரே எக்ஸ்ரேதான். "எங்கே, திருப்பிக் காட்டு பார்ப்போம்" என்று கரையில் நிற்கும் நண்பர்கள் சொல்லவே கூடாது. கேள்வி பழசுதான், அதை எப்போது கேட்பது என்பதுதான் புதுசு.